தாகத்துக்குக் கச்சான் காற்றா காரணம்?

கேள்வி:

எனக்கு 43 வயது. உப்புவெளியில் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன். இரண்டு மூன்று மாதமாகத் தண்ணி விடாய் கூட. இரவில் மூன்று தரம் எழும்பிச் சலம் கழிக்கப் போகிறேன். கச்சான் காற்றடிக்கிற காலம், எல்லாருக்கும்தான் விடாய்க்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஊசியில் நூல் கோக்கக் கண் பிடிக்கவில்லை. கழுத்தின் பின்பக்கம் கறுத்துக் கிடக்கிறது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்ததே காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான். பிறகு காலை எடுத்துவிட்டார்கள். சின்னவன் வயிற்றில் இருந்தபோது எனக்கும் சீனி கூட என்று கிளினிக்கில் சொன்னார்கள், பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டது. போன கிழமை பக்கத்து வீட்டு மெசினில், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துக் குத்திப் பார்த்தேன். 168 காட்டியது. இது பெரிய கணக்கில்லை, வெந்தயம் ஊறப்போட்டுக் குடி என்கிறா மாமி. இரத்தம் கொடுத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது. எனக்கும் அப்பாவைப் போல ஆகிவிடுமா?

வாசகி, உப்புவெளி

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அப்பாவுக்கு நடந்தது உங்களுக்கும் நடந்தே தீரும் என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். அவருடைய இரத்தத்தில் சீனி பல வருடம் ஏறியே இருந்திருக்க வேண்டும், ஒருவரும் பார்க்கவில்லை. புண் வந்த பிறகுதான் பார்த்தார்கள். நீங்கள் புண் எதுவும் வருமுன்னரே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்தக் கிழமையே ஒரு காலையில் வெறும் வயிற்றோடு போய், கையில் இரத்தநாளத்தில் இரத்தம் கொடுத்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து உங்களுக்கு நீரிழிவு இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் இனியும் சோதிக்காமல் இருக்கக்கூடாது என்பதை அடித்துச் சொல்வேன்.

முதலில் இந்தக் கச்சான் காற்று விஷயம். வைகாசி தொடங்கி ஆவணி கழியுமட்டும் திருகோணமலையில் அந்தக் காற்று உதட்டையே வெடிக்க வைக்கும். அந்த நாட்களில் விடாய்ப்பது உண்மைதான். ஆனால் வெயிலால் வரும் விடாயையும் சீனியால் வரும் விடாயையும் நீங்களே ஓரளவு பிரித்தறியலாம். வியர்த்து விடாய்க்கும்போது உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சலம் குறைவாக, கடும் மஞ்சளாகப் போகும். சீனி கூடி விடாய்க்கும்போது நடப்பது வேறு. நாக்கு வறண்டு கிடக்கும், அப்படியிருந்தும் சலம் நிறைய, வெளிறிய நிறத்தில், அடிக்கடி போகும். சீனி சிறுநீரோடு வெளியேறும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போவதுதான் காரணம். தண்ணீர் போவதால் விடாய், விடாயால் மேலும் தண்ணீர். பகல் முழுக்க விடாய்த்தும் இரவில் மூன்று தரம் எழும்புகிறேன் என்று நீங்கள் எழுதியிருப்பது கச்சான் காற்றின் கணக்கோடு பொருந்தவில்லை.

இங்கே ஒன்றை ஆறுதலாக விளங்கப்படுத்த வேண்டும். உங்களைப் போன்ற பலர் "அறிகுறி வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருக்கிறார்கள். அறிகுறி வருவதே பிந்தித்தான். வழமையாக, இரத்தத்திலிருந்து வடிகட்டிய சீனியை எல்லாம் சிறுநீரகம் திரும்ப இரத்தத்துக்கே அனுப்பிவிடும். இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு (100 மில்லிலீற்றருக்கு) சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் அதனால் தாங்க முடியாமல் சலத்தில் சீனி போகத் தொடங்குகிறது. கந்தளாய்க் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்வதை நினைத்துப் பாருங்கள். வான் பாயும் அன்று ஊரே பார்க்கப் போகும், ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது பல நாளாக. விடாயும், இரவில் எழும்புவதும், சலத்தில் எறும்பு மொய்ப்பதும் வான் பாய்ந்த பிறகு தெரிபவை. வெறும் வயிற்றில் 126 இருந்தாலே அது நீரிழிவு. ஆகவே 126 இலிருந்து இந்த அறிகுறிகள் வருமட்டும் உள்ள இடைவெளியில் ஒரு மனிதர் வருடக்கணக்கில் ஒரு குறையும் தெரியாமல் நடமாடலாம். கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கால் நரம்புக்கும் கேடு அந்த வருடங்களிலேயே தொடங்கிவிடும்.

இது எத்தனை பேருக்கு நடக்கிறது என்பதற்கு இலங்கையிலேயே கணக்கு இருக்கிறது. 2005, 2006 ஆண்டுகளில் ஏழு மாகாணங்களில் செய்த ஆய்வு ஒன்றில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அப்படி இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு அது இருப்பதே தெரியாது. நம்முடைய கிழக்கும் வடக்கும் அந்தக் கணக்கெடுப்பில் சேரவில்லை. அதற்குப் பிறகு நிலைமை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

உண்மையிலேயே முந்தி வருகிற அடையாளம் ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. நீங்கள் அதை ஊத்தை என்று நினைத்துத் தேய்த்திருக்கிறீர்கள். கழுத்தின் பின்பக்கமும் கமக்கட்டும் கறுத்து, தோல் தடித்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருந்தால், அது பெரும்பாலும் உடம்பில் சீனியை இறக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். இன்சுலின் எடுபடாதபோது உடம்பு அதைக் கூடுதலாகச் சுரக்கும், அந்தக் கூடுதல் இன்சுலின் தோலைத் தடிக்க வைத்துக் கறுக்கச் செய்யும். சீனி ஏறுவதற்கு வருடங்கள் முன்பே இது வரலாம். கழுத்தில் சின்னச் சின்ன மரு முளைப்பதும் இதோடு சேர்ந்து வருவதுண்டு. பயற்றம்மாவும் தேசிக்காயும் போட்டு உரசினால் தோல் புண்ணாகுமே ஒழியக் கறுப்பு போகாது. எடை குறைந்தால், உடம்பு அசைந்தால் அது மெல்ல மெல்ல வெளிறும். வயதுப் பிள்ளைகளின் கழுத்தில் இதைக் கண்டால் தாய்மார் ஏசுகிறார்கள். ஏசாமல் அந்தப் பிள்ளையின் எடையையும் சீனியையும் ஒருக்கால் பாருங்கள் என்று எல்லாத் தாய்மாரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது சின்னவனின் கதை. பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டது என்பதோடு அந்த அத்தியாயத்தை மூடிவிட்டீர்கள். கர்ப்ப காலத்தில் சீனி கூடிய பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு, கூடாதவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பிள்ளை பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் ஒரு சோதனையும், பிறகு தொடர்ந்து குறிப்பிட்ட இடைவெளியில் சோதனைகளும் செய்ய வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பினார்களோ, சொல்லியும் கைப்பிள்ளையோடு நேரம் கிடைக்காமல் போனதோ, எதுவானாலும் இப்போது செய்தால் போதும். பழைய கர்ப்பகால அட்டை வீட்டில் கிடந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், வைத்தியருக்கு உதவும்.

கண்ணைப் பற்றி. 43 வயதில் ஊசித் துவாரம் மங்கலாவது வயதாலும் வரும், அதில் பயமில்லை. ஆனால் சீனி ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லையில் நீர் ஏறி, பார்வை ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் மங்கலாகவும் இருக்கும். சீனியைப் பார்க்குமுன் கண்ணாடிக்கு அளவு கொடுத்தால், சீனி இறங்கிய பிறகு அந்தக் கண்ணாடி பொருந்தாது, காசும் நட்டம். முதலில் இரத்தம், பிறகு கண்.

நீங்கள் எழுதாத சிலவற்றையும் கேட்டு வைக்கிறேன், வைத்தியரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். பெண்ணுறுப்பில் அரிப்பும் வெள்ளைபடுதலும் பூசு மருந்துக்கு மாறி மாறித் திரும்ப வருகிறதா? பாமசியில் அந்த மருந்தை மூன்றாம் தரம் வாங்குகிற எவரும் ஒருமுறை சீனி பார்க்க வேண்டும். சாப்பாடு குறையாமலே எடை குறைகிறதா? சின்னக் காயம் கிழமைக்கணக்கில் ஆறாமல் இருக்கிறதா? உள்ளங்காலில் எரிவு, விறைப்பு, பஞ்சில் மிதிப்பது போன்ற உணர்வு உண்டா? தையல் மெசின் மிதிப்பதால் கால் விறைக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். கோணேசர் கோவிலிலோ காளி கோவிலிலோ நண்பகல் வெயிலில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, காலில் கொப்புளம் போட்டிருப்பதை வீட்டுக்கு வந்து மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன் என்று வருகிறவர்கள் உண்டு. சூடு தெரியாத கால் நரம்பு கெட்டுப்போன கால். உங்கள் அப்பாவின் புண்ணும் இப்படி நோவே தெரியாமல் தொடங்கியிருக்கலாம்.

இந்த அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் வேறு காரணமும் இருக்கக்கூடும். சலத்தில் கிருமித் தொற்று, பிறஷருக்குக் குடிக்கிற சில குளிசைகள், கர்ப்பப்பை இறக்கம், இரவில் நேரஞ்செல்லக் குடிக்கும் தேத்தண்ணி இவையும் இரவில் எழுப்பும். அதனால்தான் யூகத்தில் மருந்து தொடங்கக்கூடாது.

இனி அந்த 168. பக்கத்து வீட்டு மெசினைக் குறை சொல்லவில்லை, வருத்தம் இருப்பது தெரிந்தவர் நாளாந்தம் பார்த்துக்கொள்ள அது நல்ல கருவி. வருத்தம் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க அது போதாது. நல்ல மெசினிலும் ஆய்வுகூட அளவுக்கும் அதற்கும் நூற்றுக்குப் பதினைந்து வரை வித்தியாசம் வரலாம் என்று சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது. அப்படியானால் உங்கள் 168 உண்மையில் 145 ஆகவும் இருக்கலாம், 190 ஆகவும் இருக்கலாம். மாம்பழம் வெட்டிய கையைக் கழுவாமல் குத்தினால் இன்னும் கூடக் காட்டும். கடற்கரை ஈரக்காற்றில் மூடி திறந்து கிடந்த ஸ்ட்ரிப்பும் நம்பத்தக்கதல்ல. இன்னொன்று, ஒரே லான்செட் ஊசியை இரண்டு வீட்டார் பாவிக்கவே கூடாது, இரத்தத்தால் பரவும் நோய்கள் வரும். இத்தனையும் சொன்னாலும், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் நூற்று அறுபதுக்கு மேல் என்பதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் என்னால் முடியாது. மாமி சொன்னதில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான்.

சோதனைக்கு இப்படிப் போங்கள். முந்தின நாள் வழமையான இராச் சாப்பாட்டை எட்டு, எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். அதன்பிறகு காலையில் இரத்தம் எடுக்குமட்டும் பச்சைத் தண்ணீர் மட்டும். குறைந்தது எட்டு மணித்தியாலம் இடைவெளி வேண்டும். சீனி போடாத வெறும் தேத்தண்ணியும் கூடாது. இரண்டு மூன்று நாள் முன்கூட்டியே சோற்றைக் குறைத்து, இனிப்பை நிறுத்தி, "நல்ல ரிப்போர்ட்" வரவைக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அது உங்களையே ஏமாற்றும். காய்ச்சலோடு போகவேண்டாம். தொய்வுக்கோ மூட்டு நோவுக்கோ பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் குளிசை குடிக்கிறீர்களென்றால் அதைச் சொல்லுங்கள், அது சீனியை ஏற்றும்.

எங்கே போவது? திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம். அவ்வளவு தூரம் போக வசதியில்லாவிட்டால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் கேளுங்கள். 35 வயது கடந்தவர்களுக்குச் சீனி, பிறஷர், எடை, இடுப்புச் சுற்றளவு எல்லாவற்றையும் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் அரச வைத்தியசாலைகளோடு சேர்ந்து நடக்கின்றன. எந்த நாளில் என்பதை உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லுவார்கள், வீட்டுக்கு வந்துபோகும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். அரச வைத்தியசாலையில் காசு இல்லை. நேரம் இல்லை, லைனில் நிற்க முடியாது என்றால் தனியார் லாப் எதிலும் வெறும் வயிற்றுச் சீனி பார்க்கலாம், செலவு பெரிதல்ல.

எண்களை இப்படிப் படியுங்கள். வெறும் வயிற்றில் 100 க்குக் கீழே என்றால் சரி. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை. 126 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. சில ரிப்போர்ட்டில் 6.8, 7.4 என்று சின்ன எண்ணாக வரும். அது மில்லிமோல் கணக்கு, 18 ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான எண் வரும், 7.0 என்பதுதான் 126. எச்பிஏ1சி என்ற சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். 5.7 முதல் 6.4 வரை முந்திய நிலை, 6.5 உம் மேலும் நீரிழிவு. இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் இரத்தச்சோகை உள்ள பெண்களில் இது பிழையாகக் காட்டக்கூடும், ஆகவே உங்களுக்கு அது இருந்தால் இதை மட்டும் நம்பவேண்டாம்.

வெறும் வயிற்றுச் சீனி 100 க்கும் 125 க்கும் இடையில் வந்தால், உங்கள் கர்ப்பகாலக் கதையையும் சொல்லி, குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனை தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். குடித்துவிட்டு நடமாடாமல் இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருந்து மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். அந்த இரண்டாவது எண் 140 க்குக் கீழே என்றால் நல்லது, 200 உம் அதற்கு மேலும் நீரிழிவு. வெறும் வயிற்றில் ஒழுங்காக இருந்து, சாப்பிட்ட பிறகு மட்டும் ஏறுகிறவர்கள் நம் மக்களில் பலர். வெறும் வயிற்றுச் சோதனை மட்டும் செய்தால் அவர்களுடைய வருத்தம் தெரியாமலே போய்விடும்.

ஒரு எண்ணை வைத்து உடனே தீர்ப்பு எழுதமாட்டார்கள். அறிகுறி தெளிவாக இல்லாதவர்களுக்கு வேறொரு நாளில் திரும்பப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். விடாயும் சலம் கூடப் போவதும் தெளிவாக இருந்து, எந்த நேரத்தில் எடுத்தாலும் 200 அல்லது அதற்கு மேல் வந்தால் அது போதும்.

நீரிழிவுக்கு முந்திய நிலை என்று வந்தால், அதை நல்ல செய்தியாகவே எடுங்கள். சென்னையில் அந்த நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006 இல் வெளியானது. சாப்பாட்டை மாற்றி, நடந்தவர்களில் நீரிழிவுக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 28 அளவில் குறைந்தது. நம்மைப் போன்றே சோறு தின்கிறவர்கள் அவர்கள், ஆகவே அந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

தையல் கொடுக்க வருகிறவர்களோடு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிக்கிறீர்கள்? இரண்டு கரண்டிச் சீனி போட்ட ஐந்து கோப்பை என்றால் நாற்பது, ஐம்பது கிராம் சீனி அதிலேயே முடிந்துவிடும். உங்கள் வீட்டில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் நான் அதைத்தான் மாற்றச் சொல்வேன். அடுத்தது சோறு. தட்டில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால்வாசிக்கு மீன், மிச்சக் கால்வாசிக்குச் சோறு. மீனுக்குத் திருகோணமலையில் குறையில்லை, பொரிக்காமல் காய்ச்சுங்கள். இரவில் புட்டோ இடியப்பமோ பாணோ, எதுவானாலும் மாச்சத்துத்தான், அளவு முக்கியம். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மெசினை விட்டு எழும்பி நடவுங்கள், பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் உப்புவெளிக் கடற்கரையில் அரை மணித்தியாலம். காலில் செருப்போடு.

வெந்தயத்தைச் சாப்பாட்டில் சேர்ப்பதில் தவறில்லை, அதன் நார் சீனி ஏறுவதைச் சற்றுத் தாமதப்படுத்தும். சோதனைக்குப் பதிலாக அதைக் குடிப்பதுதான் ஆபத்து. சீனி வருத்தத்துக்கு மருந்து என்று பெயரெழுதாத பைகளில் விற்கும் தூள் எதையும் தொடவேண்டாம். பக்கத்து வீட்டாரின் குளிசையையும் குடித்துப் பார்க்கவேண்டாம். கிளிக்லசைட் போன்ற குளிசைகள் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கி மயங்க வைக்கும்.

நீரிழிவு என்றே வந்தாலும், பயப்படுவது போல் முதல் நாளே இன்சுலின் ஊசி என்பது உங்கள் நிலையில் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. சாப்பாடு, நடை, மெட்ஃபோர்மின் குளிசை என்றுதான் தொடங்கும். கிளினிக்கில் அது இலவசம். வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் பார்ப்பார்கள். அப்பாவுக்குக் கிடைக்காத கவனிப்பு இதுதான்.

ஒரே ஒரு சூழலில் காலை வெறும் வயிறு என்று காத்திருக்காதீர்கள். விடாயோடு சத்தி, வயிற்று நோவு, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குதல், தூங்கி வழிதல், குழப்பமான பேச்சு இவற்றில் எது வந்தாலும் அன்றே, அந்த நேரமே, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990 க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கைதான். படுக்கையில் சலம் போவதை விட்ட பிள்ளை திரும்பப் போகத் தொடங்கி, மெலிந்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டால் அது வேறு வகை நீரிழிவாக இருக்கலாம். அது சில நாட்களிலேயே முற்றும், அன்றே காட்டுங்கள்.

இரத்தம் கொடுக்கப் போகிற அன்று தனியாகப் போகவேண்டாம். உங்களுக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி இருந்தால் அவர்களுக்கும் அதே அப்பாதான், அவர்களையும் வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கும் 35 கடந்திருக்கும். மெலிந்த உடம்புக்கு இது வராது என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். நம் மக்களில் மெலிந்த கை கால்களோடு வயிறு மட்டும் தள்ளிய ஆண்களுக்கு இது நன்றாகவே வருகிறது. ஆண்களுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 உம் எல்லை, அளவு நாடாதான் உங்கள் கையிலேயே இருக்கிறதே, இன்றைக்கே அளந்து பாருங்கள். ரிப்போர்ட் வந்ததும் எண்ணையும் அலகையும் எழுதி அனுப்புங்கள், அடுத்து என்ன செய்வது என்று பார்ப்போம்.